பீலிக் குழாயில் கட்டிய ஏர்த் வயர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருந்த ஒரு மாசி மாதத்தில், எங்கள் தோட்டத்துப் பந்து மைதானத்தில் அண்ணன் இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸ் வைத்து, பகல் முழுக்க டான்ஸ் பாட்டுப் போட்டான். வயர் இழுத்தது நான்.
2. அடுத்த மாசியில் எட்டு பொக்ஸ். அவிசாவளையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.
3. அந்த இரண்டு வருடமும் செய்த மின்சார வேலைகளை ஒரே தாளில் எண் போட்டு எழுதினேன். பதினொரு எண்கள்.
4. எனக்கு வேலை கிடைத்துத் தோட்டத்தை விட்டுப் போனேன்.
5. இரண்டாம் வருடக் கடைசியில் லயத்துத் தண்ணீர்க் குழாயை மாற்றினார்கள். தாள் தோட்டத்திலேயே இருந்தது.
6. மூன்றாம் மாசியில் கொழும்பிலிருந்து மேடை வந்தது, லொறி அளவு ஜெனரேட்டர் வந்தது, பெயர் பெற்ற டி.ஜே. ஒருவர் வந்தார். மைதானம் கொள்ளவில்லை.
7. அன்று பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நான் அந்த ஜெனரேட்டரை நிறுத்தினேன்.
8. ஐந்து மணிக்கு மைதானத்தில் விழா என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

இந்த எட்டையும் யாரும் மறுப்பதில்லை. ஏழாவதை ஏன் செய்தேன் என்பதில்தான் இன்றைக்கும் தோட்டத்தில் இரண்டு கட்சி.

அண்ணன் என்று நான் சொல்வது பெரியம்மா மகனை. ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீடு மூன்றாவது, அவர்கள் வீடு ஐந்தாவது. கொழும்பில் ஒரு ஹோட்டலில் கல்யாண வீட்டுப் பாட்டுக்காரர்களுக்கு வயர் சுருட்டிப் பழகினான். திரும்பி வந்தபோது ஒரு பழைய மிக்ஸரும், எங்கள் ஆட்களின் தப்பு அடியை டான்ஸ் பாட்டோடு சேர்த்தால் எப்படியிருக்கும் என்ற ஒரு யோசனையும் அவனிடம் இருந்தன. காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கும் மாமாக்கள் மூன்று பேரை வீட்டுக்குள் உட்காரவைத்து, கதவு ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டுப் பதிவு செய்தான். அடிக்குக் கீழே பேஸ் சேர்த்து முதல்முறை எங்களுக்குப் போட்டுக் காட்டியபோது, மாமாக்களில் மூத்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இது நாங்க அடிச்சதாடா?"

"நீங்க அடிச்சதுதான் மாமா. நான் அடில மண்ணு போட்டு நிரப்புனேன், அவ்வளவுதான்."

தொடங்கியது அப்படித்தான். விழாவைப் பகலில் வைத்ததற்குக் காரணம் தோட்டத்து மேனேஜர், எங்கள் பேச்சில் துரை. மறுநாள் விடிய பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போகவேண்டிய ஆட்கள், அதனால் ஆறு மணிக்கு மேல் ஒரு சத்தம் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மைதானத்தைத் தந்தார். மாசியைத் தேர்ந்தெடுத்தது அண்ணன். மரமெல்லாம் மொட்டையாக நிற்கும் காலம், பால்வெட்டு இல்லை, பிரட்டில் பெரியவர்களுக்குச் சில்லறை வேலைதான், இளவட்டங்கள் சும்மா இருப்பார்கள். காய்ந்த இலை மேல் நூறு பேர் ஆடினால் எழும் சத்தமே தனி. இரண்டாம் வருடம் அதை யாரோ ஃபோனில் எடுத்துப் போட, கித்துல்கலவில் படகு ஓட்ட வந்த வெள்ளைக்காரர்கள்கூட மூன்று வேனில் வந்து இறங்கினார்கள். லயத்துப் பெண்கள் ரொட்டியும் கட்டச்சம்பலும் விற்றார்கள். யட்டியாந்தோட்டை பஸாரில் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னால், "ஆ, பொக்ஸ் திருவிழா தோட்டமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னால் பஸ் கண்டக்டருக்குக்கூட எங்கே என்று தெரியாது.

நான் அப்போது மின் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். சொன்ன வேலையைச் செய்து முடித்த பிறகு எண் போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். ஆசிரியர் சொல்லித் தந்ததல்ல, சின்ன வயதிலிருந்தே அப்படி. அந்தத் தாளில் நான்காவது எண்: 'எல்லா வயரும் ட்ரிப் சுவிட்ச் வழியாகப் போகவேண்டும்.' கரண்ட் கசிந்தால் தானே விழுந்து நிறுத்தும் சுவிட்ச் அது. ஒன்பதாவது எண்: 'மேடையின் ஏர்த் வயரைப் பீலிக் குழாயில் கிளிப் போட்டு இறுக்கவும்.'

பீலி என்பது மைதானத்தின் கீழ் ஓரத்தில், ஐம்பத்திரண்டு படி இறங்கினால் வரும் இடம். மலை ஊற்றுத் தண்ணீர் இரும்புக் குழாயில் வந்து அங்கே விழும். குளிப்பு, துவைப்பு, குடம் நிறைப்பு எல்லாம் அங்கேதான். லயத்தில் யார் வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும், டி.வி. வாங்கினாலும், ஏர்த் வயர் பீலிக் குழாயைத் தேடித்தான் போகும். வெள்ளைக்காரன் காலத்து இரும்பு, ஊற்றிலிருந்து கீழே வரை மண்ணுக்குள்ளேயே கிடந்தது. அதைவிட நல்ல ஏர்த் எங்கே கிடைக்கும்? முதல் வருடம் மீட்டர் இரவல் வாங்கி அளந்தும் பார்த்தேன். புத்தகத்தில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. அதனால்தான் ஒன்பதாவது எண்ணை எழுதினேன். எழுதியபோது அது சரி.

முதல் வருடம் இன்னொன்றும் நடந்தது. பொக்ஸிலிருந்து வந்த அதிர்வு மண் வழியாகக் குழாய்க்கு இறங்கி, பீலியில் கை வைத்தால் உள்ளங்கை குறுகுறுத்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள். குளிக்க வந்த பெண்களும் தொட்டார்கள். "பீலியும் ஆடுது" என்று சிரித்தார்கள். இரண்டாம் வருடம் அது விழாவில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை இறங்கிப் போய்ப் பீலியைத் தொட்டுவிட்டு வருவார்கள். நானும் தொட்டேன்.

மூன்றாம் வருடம் முன்கூட்டி வந்து வயர் இழுக்க எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவிசாவளையில் ஒரு தைக்கிற ஃபேக்டரியில் மெஷின் பராமரிப்பு வேலை. விழாவுக்கு முதல் வாரம் அண்ணன் ஃபோன் எடுத்தான்.

"எஞ்சினியரம்மா, நீ இல்லாம யாரு வயர் இழுக்கிறது?"

"கொழும்பு ஆளுங்க வர்றாங்கதானே?"

"அவங்க மேடைக்குள்ள பார்ப்பாங்க. வெளி வேலை நம்ம பக்கம். உன் தாளு இருக்கு, லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். அதப் பார்த்துச் செஞ்சுருவோம்."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. என் கையெழுத்துத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள்.

அதற்கும் மூன்று மாதம் முன்னால் அம்மா ஃபோனில் சொன்னது, அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. "பழைய கொழாய் எல்லாம் ஓட்டை பாப்பா, தோண்டி எடுத்துட்டாங்க. கறுப்பு ஹோஸ் போட்டிருக்கு. தண்ணி இப்ப நல்லா வருது." நல்லது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன். மின்சாரம் படித்தவள் நான். பிளாஸ்டிக் ஹோஸ் ஏர்த் ஆகாது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அம்மா தண்ணீரைப் பற்றிப் பேசினாள், நானும் தண்ணீர்ப் பேச்சாகத்தான் காதில் வாங்கினேன்.

விழா அன்று அரைநாள் லீவு போட்டு வந்தேன். தோட்டத்துக்குள் இறங்கும்போது மணி இரண்டு தாண்டியிருந்தது. இரண்டு திருப்பத்துக்கு முன்பே த்ரீவீலர் நின்றுவிட்டது; பாதையெல்லாம் வேன், மோட்டார் சைக்கிள். மேடை இரண்டு லயத்து உயரம். முந்தைய நாள் மழையில் மைதானம் சகதியாகிவிட்டதால் மேடையின் இரும்புக் கால்களுக்குக் கீழே தடித்த பலகைகள் போட்டிருந்தார்கள். மேற்கே யட்டியாந்தோட்டைப் பக்கம் வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது.

அம்மாவைத் தேடிப் பீலிக்கு இறங்கினேன். அங்கே அண்ணி, அதாவது அண்ணன் மனைவி, தேத்தண்ணிக் கடைக்குக் குடம் நிறைத்துக்கொண்டிருந்தாள். ஆறேழு பிள்ளைகள் வரிசையில். குழாய் வாயைத் தொட்டுத் தொட்டுக் கையை உதறிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா புள்ள, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?" என்றாள் அண்ணி. "தொட்டுப் பாரு. இந்த வருசம் அதிர்வு அப்பிடி ஏறுது. சுறுசுறுன்னு முழங்கை வரைக்கும் வருது."

"முழங்கை வரைக்குமா?"

"பின்ன? எத்தனை பொக்ஸ் வச்சிருக்காரு ஒங்கண்ணன்!"

அப்போதுதான் பார்த்தேன். சிமெந்துச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான் பழைய இரும்பு, இரண்டு முழம் இருக்கும். சுவருக்குப் பின்னால் அதன் வாலில் கறுப்பு ஹோஸ் செருகிக் கம்பியால் இறுக்கியிருந்தது. அந்த இரண்டு முழ இரும்பில், புத்தம்புதுக் கிளிப்போடு, மேடையிலிருந்து வந்த பச்சை வயர்.

மேலே பாட்டு நின்றது. ஒரு டி.ஜே. முடித்து அடுத்தவர் ஏறும் இடைவெளி. மலை முழுக்க ஒரே அமைதி. குழாயைத் தொட்டுக்கொண்டிருந்த சிறுமி கையை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னும் கடிக்குது."

பாட்டு இல்லை. பாட்டு இல்லாமல் அதிர்வு எங்கிருந்து வரும்?

என் பையில் எப்போதும் டெஸ்டர் பேனா இருக்கும். குழாயில் வைத்தேன். பகல் வெளிச்சத்திலும் அதற்குள் எரிந்த சிவப்பு நன்றாகவே தெரிந்தது.

நிலைமை இதுதான்: மேடையில் எங்கோ நனைந்த ஒரு இணைப்பிலிருந்து மின்சாரம் இரும்புச் சட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. சட்டம் பலகை மேல் நிற்கிறது, மண்ணைத் தொடவில்லை. பச்சை வயர் அதை எடுத்து வந்து இந்த இரண்டு முழ இரும்பில் விட்டிருக்கிறது. அதற்கு மேல் போக வழியில்லை. காய்ந்த செருப்போடு நிற்பவருக்குச் சுறுசுறுப்பு. மழை பெய்து, நனைந்த தரையில் வெறுங்காலோடு ஈரக்கையால் பிடிப்பவருக்கு அது சுறுசுறுப்பாக இருக்காது.

"யாரும் தொடாதீங்க. எல்லாரும் மேல போங்க. கரண்ட் வருது."

பிள்ளைகள் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி சிரித்தாள். "டவுனுக்குப் போயிட்டு வந்தா பீலியும் ஆகாதா? முன்ன நீதானே மொதல்ல தொட்டுக் காட்டுன."

அது உண்மை. நான்தான் தொட்டுக் காட்டினேன்.

பீலிக்குக் கீழே இருக்கும் துவைகல்லிலிருந்து துவைத்த துணியோடு அம்மா ஏறி வந்துகொண்டிருந்தாள். "அம்மா, நான் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் கொழாய்கிட்ட விடாதீங்க. நீங்களும் தொடாதீங்க." அம்மா காரணம் கேட்கவில்லை. துணி வாளியைப் பாதை நடுவில் வைத்து, அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். வயரைக் கழற்றலாம் என்று நினைத்தேன். கழற்றினால் பீலி தப்பிக்கும், ஆனால் அதே மின்சாரம் மேடைச் சட்டத்தில் நிற்கும். மழையில் அதைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையே ஏறி நிற்கும். நிறுத்துவது ஒன்றுதான் வழி.

ஐம்பத்திரண்டு படி. நாற்பதாவது படியில் முதல் துளி விழுந்தது. பாட்டு மறுபடி தொடங்கியது; கொழும்பு டி.ஜே. ஏறிவிட்டார். மாமாக்களின் தப்பு அடி, கீழே பேஸ். கூட்டம் ஒரே குரலில் கத்தியது.

அண்ணன் மேடைப் பக்கத்தில் நின்றான். மூன்று வருடத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. காதருகே போய்ச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"ட்ரிப் சுவிட்ச் விழலியே?" என்றான்.

"ட்ரிப் சுவிட்ச் வழியா போட்டீங்களா?"

அவன் கண்ணைத் திருப்பினான். "காலையில ரெண்டு தரம் விழுந்துச்சு. அதான் அத விட்டுட்டு நேரா போட்டாங்க."

"அது சும்மா விழலண்ணே. இதுக்குத்தான் விழுந்துச்சு. நிறுத்துங்க."

"இப்பவா? இது அவரு செட்டு. நம்ம அடிய அவரு போடுறாரு பாரு. இருபது நிமிசம். இருபதே நிமிசம் தங்கச்சி. அதுவரைக்கும் பீலிப் பக்கம் ஒருத்தரையும் விடாம பார்த்துக்கிறேன்."

அது நியாயமான பேச்சு. மழை இல்லாவிட்டால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் மழை அந்த நேரத்தில் கொட்டத் தொடங்கியது. மேடைக்கு முன்னால் இருந்தவர்கள் ஆடினார்கள். பின்னால் இருந்தவர்கள் ஒதுங்க இடம் தேடினார்கள். மைதானத்தில் ஒதுங்க ஒரே இடம்தான் உண்டு: பீலிக்கு மேலே போட்ட தகரக் கூரை. சகதிக் காலோடு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த ஐம்பத்திரண்டு படியில் ஆட்கள் இறங்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். கீழே அம்மா ஒருத்தி, ஒரு வாளி.

அண்ணன் அதைப் பார்க்கவில்லை. அவன் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெனரேட்டர் மைதானத்தின் மறுகோடியில். ஆபரேட்டர் சிங்களவர், வயதானவர், குடைக்குக் கீழே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் கசிகிறது, ஆள் செத்துப்போகும், நிறுத்துங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன்.

"பொஸ் சொல்லணும் நங்கி," என்றார் அரைத் தமிழில்; 'நங்கி' என்றால் தங்கச்சி. "சும்மா நிறுத்தினா அம்ப்ளிஃபயர் எல்லாம் போகும். பொறுப்பு யாரு?"

"நான்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. தடுக்கவும் இல்லை. சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்தேன், எழுதிவைக்கவேண்டும் என்று தோன்றியது.

எஞ்சின் நின்றபிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கூட்டத்தின் ஊளை. முதலில் கேலியாக, பிறகு நிஜக் கோபமாக. போத்தல்கள் மேடைக்குப் பறந்தன. டி.ஜே.யை அவர் ஆட்கள் ஜாக்கெட்டால் மூடி வேனுக்குக் கொண்டுபோனார்கள். சிலர் மேடைத் துணியைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். கொழும்பு ஆட்கள் பயந்து லொறியை எடுக்க, அது சகதியில் சறுக்கி, பக்கச் சட்டம் ஒன்றை இழுத்துச் சாய்த்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. ஆபரேட்டரிடம் போய் அண்ணன் மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னானாம். அவர் முடியாது என்றாராம். அந்த நங்கி பொறுப்பு எடுத்திருக்கிறாள், அவளிடம் கேள் என்றாராம். அண்ணன் என்னிடம் வந்து கேட்கவில்லை.

பீலிக்கு இறங்கியபோது தகரத்துக்குக் கீழே கூட்டம். சிலர் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மா அண்ணியின் மணிக்கட்டை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். அண்ணி இரண்டாவது குடத்துக்கு வந்திருக்கிறாள். எவர்சில்வர் குடம், வெறுங்கால். அம்மா விடவில்லை. பாட்டு நின்றபோது குடத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். அண்ணி அதை மறுக்கிறாள். இரண்டு முழம் இருந்தது என்கிறாள். அவள் மணிக்கட்டில் அம்மாவின் விரல் தடம் நான்கு நாள் நீலமாக இருந்தது.

இதுதான் சிக்கல். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவருக்காவது ஷொக் அடித்து விழுந்திருந்தால், விழாவைக் காப்பாற்றினாள் என்று சொல்லியிருப்பார்கள். ஒன்றும் நடக்காததால், விழாவைக் கெடுத்தாள் என்கிறார்கள். "என்னா நடந்துச்சு? ஒன்னும் நடக்கலதானே?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் "இல்லை" என்பதுதான்.

மறுவாரம் துரை எங்கள் இருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். அண்ணன் லேமினேட் தாளை மேசையில் வைத்தான். என்னைப் பார்க்காமல் சொன்னான்: "தங்கச்சி எழுதுனதத்தான் செஞ்சோம் சேர்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. நான்காவது எண்ணை அவர்கள் செய்யவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். தாளில் என் கையெழுத்து, ஒன்பதாவது எண்ணுக்குக் கீழே நானே போட்ட அடிக்கோடு. மழையில் நனையாமல், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பளபளத்தது.

"ஒன்பதாவது என் பிழை சேர்," என்றேன். "கொழாய மாத்துனது எனக்குத் தெரியும். அம்மா சொன்னாங்க. தாளை நான் மாத்தல."

துரை அண்ணனைப் பார்த்தார். நான்காவதைப் பற்றி அவன் சொல்வதற்கு இடம் விட்டுக் காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பிரட்டுக் களத்தில் யாரோ தராசைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. துரை தாளை மடிக்கப் பார்த்தார், லேமினேட் மடியவில்லை. அப்படியே ஃபைலில் செருகிவிட்டு, மைதானம் இனிமேல் பந்துக்கு மட்டும் என்றார்.

இன்றைய நிலை: பீலியில் இப்போது இரும்பு இல்லை; அந்த இரண்டு முழத்தையும் நானே வெட்டி எடுத்தேன். லயத்துக்குப் பின்னால் தரையில் செம்புக் கம்பி இறக்கி, பன்னிரண்டு வீட்டு ஏர்த் வயரையும் அதற்கு மாற்றியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து அளக்கிறேன். அண்ணனின் சொந்த பொக்ஸ் எட்டும் ஸ்டோருக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கின்றன. அவன் தெஹியோவிட்டையில் ஒரு ஃபோன் கடையில் வேலை செய்கிறான். நான் ஊருக்குப் போனால் என்னோடு பேசுகிறான், சாப்பிட்டாயா என்று கேட்கிறான். விழாவைப் பற்றியும் நான்காவது எண்ணைப் பற்றியும் நாங்கள் பேசியதில்லை. அண்ணி குடத்தை வைப்பதற்கு முன்னால் பீலியைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறாள்.